கலிங்கும் மடையும்

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். கைப்பேசியில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. முதலாவது இரவு 2 மணி 10 நிமிடத்தில் வந்தது: "காப்பக சர்வர், வட்டு 90 விழுக்காடு நிரம்பியுள்ளது, நிலை ஆபத்து." இரண்டாவது பத்து நிமிடங்களுக்குப் பின் வந்தது: "காப்பக சர்வர், வட்டு, நிலை நலம்." இரண்டையும் அனுப்பியது ஓர் இயந்திரம். இடைப்பட்ட பத்து நிமிடங்களில் குறையைத் தீர்த்ததும் அதே இயந்திரம்தான். அவ்வாறு தீர்க்க அதற்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

நான் உறங்கும்போது நோய் வந்திருக்கிறது. நான் உறங்கும்போதே மருந்தும் கொடுக்கப்பட்டிருக்கிறது. எவரையும் எழுப்பாமல், எவருக்கும் தொல்லை தராமல் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று காலை உணவின்போது உதவிப் பங்குத்தந்தையிடம் இதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. அந்தப் பத்து நிமிடங்களில் நடந்தது என்ன என்பதையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவேடுகளும் ஒரு பழைய கணிப்பொறியும்

ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான பதிவேடுகள் இருக்க வேண்டும் என்றும், பழைய பதிவேடுகளைக் கருத்தாய்ப் பேண வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி பணிக்கிறது. விதி எளிதாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் நம் ஊர் வெயிலும், மழை ஈரமும், கரையானும் அந்த விதியைப் படித்ததில்லை. நூறாண்டுகளுக்கு முன் மறைப்பணியாளர்கள் பயன்படுத்திய மை, இரும்புச் சத்தும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தது. அதிலுள்ள அமிலம் காலப்போக்கில் தாளையே தின்றுவிடும். எழுத்து இருந்த இடம் ஓட்டையாகி, ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தாள் சல்லடைபோல் ஆகிவிடும்.

ஆகவே சில பங்குகளின் பழைய ஏடுகளை ஸ்கேன் செய்து படங்களாகச் சேமிக்க முடிவு செய்தோம். எனக்குக் கணிப்பொறியில் சிறிது பழக்கம் உண்டு என்பதால் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த பழைய கணிப்பொறி ஒன்று லினக்ஸ் ஏற்றப்பட்டு எங்கள் சர்வர் ஆயிற்று. ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளும் கல்லூரி மாணவர் சிலரும் நாள்தோறும் ஏறத்தாழ 200 பக்கங்களை ஸ்கேன் செய்தார்கள். பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 26 மெகாபைட். படங்கள் முதலில் சர்வரில் 'வரவு' என்ற பகுதியில் வந்து விழும். ஒவ்வோர் இரவும் அவை வெளியே இணைக்கப்பட்ட ஒரு பெரிய வட்டுக்கு நகல் எடுக்கப்படும். நகல் சரியாக முடிந்தபின் 'வரவு' காலியாகும். இதுதான் ஏற்பாடு.

பகலெல்லாம் பங்கின் வேலைகள். சர்வரின் அருகில் உட்கார்ந்து காவல் காக்க ஆள் இல்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் பெங்களூரில் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வந்தவர் என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஃபாதர், இதுக்குன்னே காவல்காரன் இருக்கான். நான் வச்சுத் தர்றேன்" என்றார். அவர் வைத்துத் தந்த மென்பொருளின் பெயர் நாகியோஸ்.

புனிதர் பட்டம் வேண்டாத காவலன்

பெயரைக் கேட்டதும் குருமடத்தில் கற்ற கிரேக்கம் நினைவுக்கு வந்தது. 'ஆகியோஸ்' என்றால் புனிதர். விசாரித்தபோது என் ஊகம் முற்றிலும் தவறல்ல என்று தெரிந்தது. ஈத்தன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999-இல் இதனை வெளியிட்டபோது வைத்த பெயர் 'நெட்செயின்ட்', அதாவது வலையின் புனிதர். வணிகப் பெயர்ச் சிக்கல் வரக்கூடும் என்பதால் 2002-இல் பெயர் நாகியோஸ் என மாறியது. 'இனி நான் புனிதர் பட்டத்தை வற்புறுத்தப் போவதில்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து, வேடிக்கையாக அந்தப் பெயருக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டார்கள். தன்னைப் புனிதன் என்று சொல்லிக்கொள்ளாத காவலன்! எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவன் வேலை எளியது. குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு பணியையும் தட்டிப் பார்ப்பான். நலம், எச்சரிக்கை, ஆபத்து, தெரியவில்லை என்ற நான்கில் ஒன்றை விடையாகப் பெறுவான். நிலை மாறினால் உரியவருக்குச் செய்தி அனுப்புவான். இதற்கு மேலும் ஒன்று அவனிடம் உண்டு. நிலை மாறிய அந்தக் கணத்திலேயே, நாம் முன்கூட்டி எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு ஒன்றை எடுத்து இயக்குவான். ஸ்கிரிப்ட் என்று அதனை அழைக்கிறார்கள். ஸ்கேன் படங்களை வாங்கும் பணி நின்றுபோனால் அதனை மீண்டும் தொடக்கிவிட ஒரு ஸ்கிரிப்டை அந்த இளைஞர் எழுதி வைத்தார். அதன்பின் ஆசிரியைகள் என்னைத் தேடி ஓடிவருவது குறைந்தது. பணி நின்றதும் தெரியாது, எழுந்ததும் தெரியாது.

அந்த இளைஞரின் ஸ்கிரிப்டில் ஓர் அடக்கம் இருந்ததைப் பின்னாளில்தான் கவனித்தேன். நாகியோஸ் ஒரு குறையைக் கண்டவுடன் அதனை உறுதியான குறையாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் அது 'மென்நிலை'. நாம் சொல்லிவைத்த எண்ணிக்கை வரை மீண்டும் மீண்டும் தட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் குறையே தெரிந்தால்தான் அது 'வன்நிலை' ஆகும். அதன்பிறகே மனிதருக்குச் செய்தி போகும். எத்தனையாவது முறை இது, மென்மையா வன்மையா என்ற விவரங்களையெல்லாம் ஸ்கிரிப்டின் கையில் கொடுத்து அனுப்பவும் அதற்குத் தெரியும். நான்கு முறை பார்ப்பது என்றால், மூன்றாம் முறையும் குறையே தெரிந்தபின் பணியைத் தொடக்கிப் பார்க்க வேண்டும்; அதற்கும் எழாவிட்டால் ஆளைக் கூப்பிட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் இந்த முறைப்படிதான் எழுதப்பட்டிருந்தது. இயந்திரத்துக்குள்ளேயே ஒரு தயக்கத்தை வைத்திருந்தார்கள்.

லினக்ஸ் கணிப்பொறிகளில் பணிகளை மேய்க்கும் 'சிஸ்டம்டி' என்ற நிரலிலும் இப்படி ஒன்று உண்டு. விழுந்த பணியை அது தானாகத் தூக்கி நிறுத்தும்படி வைக்கலாம். ஆனால் பத்து நொடிகளுக்குள் ஐந்து முறைக்கு மேல் தூக்கி நிறுத்த நேர்ந்தால், வழக்கமான அமைப்பில் அது முயற்சியைக் கைவிட்டுவிடும். விழுந்துகொண்டே இருப்பவனைத் தூக்கிக்கொண்டே இருப்பது உதவியல்ல. அவனுக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும் என்ற எளிய அறிவு அதில் இருக்கிறது.

நான் எழுதிய ஒற்றை வரி

இடையில் ஒரு முறை, அரைகுறையாக நின்றுபோன ஸ்கேன்களின் கழிவுக் கோப்புகள் சேர்ந்து வட்டு நிரம்பிவிட்டது. அரை நாள் ஆசிரியைகள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இளைஞர் பெங்களூரில் வேலையாக இருப்பார். இந்தச் சிறு காரியத்துக்கு அவரை ஏன் அழைக்க வேண்டும் என்று எண்ணி, நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். வட்டு 90 விழுக்காட்டைத் தொட்டால், 'வரவு' பகுதியில் 30 நாள்களுக்கு மேற்பட்ட கோப்புகளைத் தேடி அழித்துவிட வேண்டும். சாரம் ஒரே வரிதான். எத்தனை முறை பார்த்தபின் உறுதி செய்வது என்ற இடத்தில் 'ஒன்று' என்று எழுதினேன்.

என் நியாயம் எனக்குத் தெளிவாக இருந்தது. நல்ல படங்கள் அன்றிரவே வெளி வட்டுக்குப் போய்விடுகின்றன. அப்படியானால் 30 நாள் கழிந்தும் 'வரவில்' கிடப்பது கழிவாகத்தானே இருக்க முடியும்? குருமடத்தில் தருக்கம் கற்றவன் நான். பெரும்பகுதி சரி, சிறுபகுதி சரி, முடிவும் சரி.

2023 ஜனவரியில் காப்பக அறைக்கு வெள்ளையடித்தார்கள். மேசையை நகர்த்தியபோது வெளி வட்டின் கேபிள் சற்றே கழன்றுவிட்டது. பார்வைக்குச் சொருகியதுபோலவே இருந்தது. அன்றிரவு முதல் நகல் எடுக்கும் வேலை, 'வட்டைக் காணவில்லை' என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவிட்டு நின்றுகொண்டது. அந்தக் குறிப்பை ஒருவரும் படிக்கவில்லை. அதனைப் பார்க்கும்படி நாகியோஸுக்கும் ஒருவரும் சொல்லவில்லை. படங்கள் 'வரவில்' குவிந்தன. நாற்பத்தைந்து நாள்களில் வட்டு 90 விழுக்காட்டைத் தொட்டது. என் ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டது. 30 நாளுக்கு மேற்பட்டவை எல்லாவற்றையும் அழித்தது. அவை கழிவுகள் அல்ல. வேறெங்கும் நகல் இல்லாத 2,600 பக்கங்கள்.

வட்டு நிரம்பியது நோயே அல்ல; நகல் நின்றுபோனது என்ற நோயைச் சொல்ல வந்த ஒரே சாட்சி அது. என் ஸ்கிரிப்ட் அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிட்டு, 'நிலை நலம்' என்று எனக்கு மடல் அனுப்பியது. நான் அதைப் படித்துவிட்டுக் காலை உணவு உண்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு படத்தைத் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. தொலைபேசியில் அந்த இளைஞர் முழுவதையும் கேட்டார். சிறிது நேரம் பேசவில்லை. "ஃபாதர், முதல்ல ஸ்கேன் பண்றத நிறுத்தச் சொல்லுங்க. புதுப் படம் விழ விழ, பழசு இருந்த இடத்துமேலதான் விழும்" என்றார். வார இறுதியில் இரவு பஸ் ஏறி வந்தார். என்னைக் குறை கூறி ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஏறத்தாழ 900 படங்களை மீட்டார். ஒரு வாரத்தில் விழுந்த புதிய படங்கள் மற்றவற்றின் தடத்தை மூடிவிட்டிருந்தன.

பார்த்தும் எழுதி வைக்காத பெயர்

பெரும்பாலான ஏடுகள் அந்தந்தப் பங்குகளில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திரும்ப வரவழைத்தோம். ஆசிரியைகள் முகம் சுளிக்காமல் மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ஆனால் ஓர் ஏட்டில் ஏழு தாள்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மை தின்ற தாள்கள் அவை. ஜனவரியில் கண்ணாடித் தகட்டின்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பரப்பி ஒரே ஒரு முறை படம் எடுத்திருந்தோம். எடுத்து முடித்து உறையில் இடும்போதே அவை பொடிந்துவிட்டன. படம் இருக்கிறதே என்று அப்போது ஆறுதல் கொண்டோம்.

அதற்கு முந்திய டிசம்பரில், எண்பது வயதைத் தொட்ட பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியவர்கள். தம் பாட்டியின் பெயர் அவருக்குத் தெரியாது. வீட்டில் எல்லாரும் 'அப்பத்தா' என்றே அழைத்தார்கள். பெயர் சொல்லி அழைக்கும் வயதுடையவர் எவரும் இப்போது உயிரோடு இல்லை. பாட்டியின் தகப்பனார் பெயரையும், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் சொன்னார். "அந்த ஏடு ஸ்கேனுக்கு வருகிறது, பாஸ்காவுக்குப் பிறகு வாருங்கள்" என்று அனுப்பி வைத்தேன்.

ஜனவரியில் அந்த ஏழு தாள்களின் படங்களைத் திரையில் சரிபார்த்தபோது, பெரியவர் சொன்ன தகப்பனார் பெயர் என் கண்ணில் பட்டது. எதிரே குழந்தையின் பெயரும் இருந்தது. படித்தேன், மகிழ்ந்தேன். படம்தான் பத்திரமாக இருக்கிறதே என்று ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைக்கவில்லை. பழுப்பேறிய மையும், மறைப்பணியாளரின் சாய்ந்த எழுத்தும் இன்றும் கண்முன் நிற்கின்றன. பெயர் மட்டும் நினைவில் இல்லை. 'மரிய' என்று தொடங்கியதாக நினைவு. அந்த ஏட்டில் பாதிப் பெண்களின் பெயர் அப்படித்தான் தொடங்குகிறது.

பாஸ்காவுக்குப் பிறகு பெரியவர் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கேபிள், வட்டு, ஸ்கிரிப்ட் என்பதெல்லாம் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முடிவில் ஒன்று மட்டும் கேட்டார்: "சாமி, நீங்க அந்தப் பேரக் கண்ணால பாத்தீங்கள்ல?"

"பார்த்தேன் ஐயா."

"அப்ப எங்க அப்பத்தாவுக்கு இந்தக் கோயில்ல பேரு இருந்திருக்கு. அது போதும் சாமி."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அது போதுமானதாக இல்லை.

நாற்பத்து மூன்று நொடிகள்

என் அறியாமையால் மட்டுமே இப்படி நேர்ந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் எனக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். உலகெங்கும் நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் 'கிட்ஹப்' என்ற பெரும் களஞ்சியம் அமெரிக்காவில் உள்ளது. 2018 அக்டோபர் 21 அன்று, பழுதாகிக்கொண்டிருந்த ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான வேலையின்போது, அதன் கிழக்குக் கரைத் தரவு மையத்தின் இணைப்பு அறுந்தது. 43 நொடிகளில் இணைப்பு திரும்பிவிட்டது. ஆனால் அந்த 43 நொடிகளுக்குள் 'ஆர்கெஸ்ட்ரேட்டர்' என்ற காவல் நிரல் விழித்துக்கொண்டது. கிழக்கில் தலைமை இல்லை என்று முடிவு செய்து, மேற்குக் கரையில் இருந்த தரவுத்தளங்களுக்குத் தலைமையை மாற்றிக் கொடுத்துவிட்டது.

இணைப்பு அறுவதற்குச் சற்று முன் கிழக்கில் எழுதப்பட்ட சில செய்திகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தலைமை மாறியபின் மேற்கில் புதியவை எழுதப்பட்டன. இரு கரைகளிலும் ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லை. எதையும் இழந்துவிடாமல் இரண்டையும் பொருத்திச் சரிசெய்வதற்கு, பணி குன்றிய நிலையில் 24 மணி 11 நிமிடங்கள் ஆயின. பயனாளரின் தரவு விரைவைவிடப் பெரிது என்று முடிவு செய்து, அவர்கள் பொறுமையாகவே சரிசெய்தார்கள். இதில் நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ரேட்டர் பழுதுபடவில்லை. தனக்கு எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே செய்தது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தலைமையை அது தானாக மாற்ற முடியாதபடி பிற்பாடு அமைப்பைத் திருத்தினார்கள்.

அவர்களுடைய அறிவும் கருவிகளும் எங்கே, எங்கள் பழைய கணிப்பொறி எங்கே! ஆயினும் தவற்றின் வடிவம் ஒன்றுதான். ஸ்கிரிப்ட் எழுதுவது என்பது, நாம் இல்லாத ஒரு வேளைக்கான முடிவை இன்றே எடுத்து வைப்பது. இன்று நமக்குத் தெரிந்த உலகத்தை வைத்து அதனை எடுக்கிறோம். அது செயல்படும் இரவில் உலகம் மாறியிருக்கலாம். ஒரு கேபிள் கழன்றிருக்கலாம். நாம் அங்கிருந்தால் ஒரு கணம் நின்று, 'இது ஏன் இவ்வளவு நிரம்பியது?' என்று கேட்டிருப்போம். நான் கையால் அழித்த நாள்களில் அந்தக் கேள்வியை நான் எப்போதும் கேட்டேன்; கேட்கிறேன் என்பதை அறியாமலே கேட்டேன். ஸ்கிரிப்டை எழுதியபோது என் கையின் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தேன். கண்ணின் வேலையைக் கொடுக்க மறந்துவிட்டேன். ஒரு முறைக்கு நான்கு முறை பார்க்கச் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திராது. வட்டு நான்கு முறையும் நிரம்பித்தான் இருந்திருக்கும்.

கண்மாயின் பாடம்

நான் பிறந்தது கண்மாய்ப் பாசனமுள்ள ஊர். கண்மாய்க் கரையில் இரண்டு வகையான வழிகள் உண்டு. ஒன்று கலிங்கு. நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் எவரும் திறக்காமலே அதன்மேல் வழிந்து ஓடும். நள்ளிரவானாலும், ஊரே உறங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் அதற்கு முன்பே நம் முன்னோர் அந்த நீர் போக வேண்டிய ஓடையை வெட்டி வைத்தார்கள். கல் பதித்து மண் அரிக்காமல் செய்தார்கள். அது அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டார்கள். வழிந்த நீரும் எவருக்கோ பயன்பட்டது.

மற்றொன்று மடை. அது தானாகத் திறக்காது. நீர்பாய்ச்சி வந்து திறக்க வேண்டும். எந்த வயலுக்கு, எவ்வளவு நேரம், கீழே வரப்பு உடைந்திருக்கிறதா, களத்தில் நெல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பார். மடையைத் தானாகத் திறக்கும்படி செய்யும் திறமை இல்லாமலா கலிங்கைக் கட்டினார்கள்? எதைத் தானாக நடக்க விடலாம், எதற்கு மனிதன் வந்து நிற்க வேண்டும் என்று அவர்கள் பிரித்து அறிந்திருந்தார்கள். திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

நின்ற பணியை மீண்டும் தொடக்குவது கலிங்கு. தவறாகத் தொடக்கினாலும் கேடு சிறிது, நிறுத்திவிடலாம். கோப்புகளை அழிப்பது மடை. நான் மடையைக் கலிங்காக்கினேன். கீழே களத்தில் நெல் கிடந்தது.

இதில் அதிகாரம் பற்றிய ஒரு சிந்தனையும் எனக்கு எழுந்தது. ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைப் பெற்றவர் அதன் எல்லையைத் தாண்டிச் செய்தால், அவர் செய்தது செல்லாது என்கிறது 133-ஆம் விதி. திருச்சபைச் சட்டத்தில் எல்லை மீறிய செயல் செல்லாததாகிவிடும். கணிப்பொறியில் அது செல்லுபடியாகிவிடும். அழித்தது அழிந்ததுதான். ஆதலால் அங்கே எல்லையை முன்னதாகவே கட்ட வேண்டும். நாகியோஸ் இயக்கும் ஸ்கிரிப்டுக்கு நாகியோஸுக்கு இருக்கும் உரிமைதான் கிடைக்கும். இளைஞர் அதற்குக் கொடுத்தது ஒரே ஓர் உரிமை: அந்த ஒரு பணியைத் தொடக்குவது. நானோ 'வரவு' முழுவதன்மேலும் அதற்கு உரிமை கொடுத்தேன், வேலை எளிதாகும் என்று.

புனித தோமா அக்வினாஸ் முன்மதி என்ற நற்பண்பை எட்டு உறுப்புகளாகப் பிரிக்கிறார். அவற்றில் நினைவு, கற்றுக்கொள்ளும் பணிவு, சூழலைச் சுற்றிப் பார்த்தல், எச்சரிக்கை ஆகியவை அடங்கும். குருமடத்தில் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இளைஞரைக் கேட்காமல் எழுதியபோது பணிவு இல்லை. கேபிளைப் பார்க்காதபோது சுற்றிப் பார்த்தல் இல்லை. பெயரை எழுதி வைக்காதபோது நினைவும் இல்லை.

இப்போது நடப்பது

என் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன் என்று வாசகர்கள் எண்ணலாம். எடுக்கவில்லை, திருத்தி எழுதினோம். வட்டு 90 விழுக்காட்டைத் தொட்டால் அது இப்போது எதையும் அழிப்பதில்லை. புதிய ஸ்கேன்கள் வருவதை நிறுத்திவைக்கிறது. வெளி வட்டு இணைந்திருக்கிறதா என்று பார்க்கிறது. கடைசி நகல் என்று முடிந்தது என்பதை எழுதி, எனக்கும் ஓர் ஆசிரியைக்கும் அனுப்புகிறது. ஆசிரியைகள் அரை நாள் சும்மா உட்கார நேரலாம். அந்த அரை நாளுக்கு இப்போது நான் வெட்கப்படுவதில்லை. நகல் எடுக்கப்படாவிட்டால் மறுநாளே அதற்கென்று தனியாக ஒரு செய்தி வருகிறது. அழிக்க வேண்டியவை முதலில் 'குப்பை' என்ற பகுதிக்கு நகர்த்தப்பட்டு அறுபது நாள் அங்கே கிடக்கின்றன. பிறகு ஒருவர் இரு வட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையால் அழிக்கிறார்.

அந்த இளைஞரிடம், "தம்பி, நான் எழுதியதை முதலிலேயே உனக்குக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று ஒரு முறை கேட்டேன். "ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன் ஃபாதர். இது தப்பா ஓடிட்டா, திரும்பக் கொண்டுவர முடியுமான்னு" என்றார். இப்போது ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும், இயந்திரம் படிக்காத குறிப்பாக, அந்தக் கேள்வியையும் அதற்கான விடையையும் எழுதி வைக்கிறோம். விடை 'முடியாது' என்றால் அந்த ஸ்கிரிப்ட் தானாக ஓடாது.

'நிலை நலம்' என்ற மடல் வந்தால் முன்போல் மகிழ்ந்துவிட்டுப் போவதில்லை. எப்படி நலமாயிற்று என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போகும்போது கேபிளையும் தொட்டுப் பார்க்கிறேன். திரையில் பழைய ஏடுகளைச் சரிபார்க்கும்போது என் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எவராவது தேடி வந்த பெயர் கண்ணில் பட்டால், அந்தக் கணமே பேனாவால் அதில் எழுதிவிடுகிறேன். அந்த நோட்டின் முதல் வரி மட்டும் பாதியில் நிற்கிறது: 'மரிய' என்று எழுதி, அதன்பின் இடம் விட்டிருக்கிறேன்.